வெறும் வட்டம்

மந்தைவெளி, சென்னை-28
12-8-1971

அன்புத் தம்பி பஞ்சாட்சரத்துக்கு அண்ணன் ராஜரத்தினம் எழுதுவது.

இங்கே நானும் உன் மதினி சுந்தரவல்லியும் ஜெயபாரதியும் சுகம். செண்பகத்துக்கு இருமல் நின்றதா? தூத்துக்குடி உப்புக் காற்று யாரைத்தான் விட்டது.

நேற்று எட்டரை மணிக்குப் பார்த்தாய் அல்லவா? செவ்வாய்க் கிரகம் இவ்வளவு கிட்டே வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. தொலைநோக்கியில் வைத்த கண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. தெற்கு முனையில் வெள்ளைத் தொப்பி, நடுவில் கறுப்புத் திட்டுகள், ஓரத்தில் ஒரு மெல்லிய நீலம். மாடிக்கு வடகம் எடுக்க வந்த உன் மதினி, “இதைப் பாத்துக்கிட்டு நின்னா சோறு ஆறிடும்” என்றாள். ஆறட்டும் என்றேன்.

நம் ஏற்பாட்டை மறக்காதே. புதன்கிழமையும் சனிக்கிழமையும், இரவு எட்டரை. அட்டையில் வட்டம் போட்டு, கண்ணில் பட்டதை மட்டும் வரைந்து, மறுநாள் காலைத் தபாலில் சேர்த்துவிட வேண்டும். என் படம் உனக்கு வந்துசேரும் முன் உன் படம் கிளம்பியிருக்க வேண்டும். ஒருவர் கண் மற்றவர் கண்ணுக்குச் சாட்சி. நாள் முழுக்க வைரத்தை வைத்துக்கொண்டு தோஷம் தேடுகிறவனுக்கு இரண்டாவது கண்ணின் அருமை தெரியும்.

தீபாவளிக்கு வரும்போது உன் தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றி எடுத்து வா. வெள்ளிப் பூச்சு மங்கியிருக்கும், புதிதாகப் பூசித் தருகிறேன். எட்டு மாதம் என் கையால் தேய்த்த கண்ணாடி அது. என்னுடையதைவிட உன்னுடையதுதான் நன்றாக அமைந்தது என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

செண்பகத்துக்கு என் ஆசிகள்.
ராஜரத்தினம்


தூத்துக்குடி
20-8-1971

அன்புள்ள அண்ணாச்சிக்கு வணக்கம்.

தங்கள் கடிதமும் மூன்று அட்டைகளும் கிடைத்தன. இங்கு யாவரும் நலம். செண்பகத்துக்கு இருமல் குறைந்திருக்கிறது. புது வீட்டில் காற்றோட்டம் அதிகம். ஜூலையில் வீடு மாற்றிய அலுப்பு இன்னும் தீரவில்லை.

செவ்வாயை நானும் பார்த்தேன். தாங்கள் எழுதிய அனைத்தும் அப்படியே தெரிந்தன. படம் இத்துடன் இருக்கிறது.

கண்ணாடிப் பூச்சு நன்றாகவே இருக்கிறது. அதைக் கழற்ற வேண்டியதில்லை. உப்பளத்தில் வேலை அதிகம், தீபாவளிக்கு லீவு தருவார்களா என்பது சந்தேகம்தான். மதினியிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தங்கள் அன்புத் தம்பி
பஞ்சாட்சரம்


மந்தைவெளி
27-9-1971

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? இங்கே ஜெயபாரதிக்கு இரண்டு நாள் ஜுரம், இப்போது எழுந்து நடமாடுகிறாள்.

ஒரு விஷயம். போன புதன்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, செவ்வாயின் பெரிய முக்கோணத் திட்டு நட்டநடுவில் இருந்தது. அதற்குத் தெற்கே ஓரமாக ஒரு மஞ்சள் கீற்று கண்டேன். அங்கே அப்படி ஒன்று எந்த வரைபடத்திலும் இல்லை. சனிக்கிழமை அது கீற்றாக இல்லை, அகலமாகிவிட்டது. முக்கோணத்தின் ஒரு பக்கமே மங்கியிருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. அட்டையில் உள்ளபடி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

இன்று காலையில் உன் புதன்கிழமை அட்டை வந்தது. உன் முக்கோணம் உளியால் செதுக்கியது போல இருக்கிறது. கீற்று ஒன்றும் காணோம். உன் ஊர் வானம் சுத்தமானது, என் ஊரில் புகை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

உனக்கு ஏதாவது மஞ்சளாகத் தெரிந்ததா? மறைக்காமல் எழுது.

அண்ணன்
ராஜரத்தினம்


மந்தைவெளி
3-10-1971

தம்பி பஞ்சாட்சரத்துக்கு,

உன் சனிக்கிழமை அட்டை வந்தது, அதனுடன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நேற்று எனக்கு வெறும் வட்டம்தான் தெரிந்தது. திட்டும் இல்லை, தொப்பியும் இல்லை. தோல் உரித்த ஆரஞ்சுச் சுளையை எட்டத்தில் வைத்த மாதிரி ஒரு நிறம், அவ்வளவுதான். நட்சத்திரங்கள் பளிச்சென்று இருந்தன, ஆகையால் புகை என்று சொல்வதற்கில்லை. சந்திரனைத் திருப்பிப் பார்த்தேன், நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் சந்திரன் குருடனுக்கும் தெரியும்.

அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. நீ அப்போது சின்னவன். முதலில் மங்கலான நிறபேதம்தான் போயிற்று. கறுப்பு வெள்ளை தெரிந்தது, கடிகாரத்தில் மணி தெரிந்தது, அதனால் யாரிடமும் சொல்லாமல் திருநெல்வேலி நகைக் கடையில் ஒரு வருஷம் கல் பிரித்தார். ஏழுகல் தோட்டில் இரண்டு கல் தோஷக் கல் என்று கல்யாண வீட்டில் வைத்து வெளிப்பட்டது. நல்ல கல்லை மாற்றி ஒளித்துவிட்டாரோ என்று முதலாளி நாலு பேர் முன்னால் அவர் மேல்துண்டை உதறிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது.

நீ பார்த்ததைப் பார்த்தபடி எழுது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ராஜரத்தினம்


தூத்துக்குடி
7-10-1971

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

இங்கு நலம். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். கம்பெனியில் கணக்கு முடிக்கும் நேரம்.

தாங்கள் வீணாக மனதைப் போட்டு அலட்டிக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பகல் முழுக்கக் கல்லைப் பார்க்கிற கண், ராத்திரி களைத்துப் போயிருக்கும். பண்டிகை நேரத்து வேலை வேறு. நன்றாகத் தூங்குங்கள். கடல் பக்கத்துப் பனியும் காரணமாக இருக்கலாம்.

புதன்கிழமைப் படம் இத்துடன் உள்ளது. கரும்பட்டை தெளிவாகவே இருந்தது.

மதினிக்கும் ஜெயபாரதிக்கும் என் அன்பு.
பஞ்சாட்சரம்


மந்தைவெளி
10-10-1971

அன்புத் தம்பிக்கு,

நீயும் செண்பகமும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே மற்ற இருவரும் சுகம்.

ராயப்பேட்டையில் ஒரு கண் டாக்டரைப் பார்த்தேன். மருந்து விட்டு, விளக்கு அடித்து, அரை மணி நேரம் பார்த்தார். “கண்ணுல ஒரு குறையும் இல்லை, இருபது வருஷத்துக்கு என்கிட்ட வராதீங்க” என்றார். சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் விளக்கும் எழுத்துப் பலகையும் வைத்துப் பார்க்கிறார். நான் உன் அட்டையை வைத்துப் பார்க்கிறேன். அதே நாள், அதே மணி, அதே கிரகம். உனக்குக் கரும்பட்டை தெளிவாக இருக்கிறது, எனக்கு வெறும் வட்டம். டாக்டர் தப்பலாம். உன் கையை எனக்குத் தெரியும், அது இல்லாததைப் போடாது.

என் நோட்டை எடுத்து செப்டம்பர் இருபத்திரண்டு முதல் போட்ட படங்களை அழித்துவிட்டேன். மஞ்சள் கீற்று என்பது கெட்டுப்போகிற கண்ணின் வேலை என்று தெரிந்த பிறகு அதை வைத்திருப்பானேன்? உன் அட்டைகளைப் பார்த்துச் சரியானதை அந்த இடத்தில் வரைந்து வைத்தேன்.

கடையில் ஒவ்வொரு கல்லையும் மூன்று தடவை பார்க்கிறேன். சாமண இடுக்கியில் எடுத்த கல்லைக் கீழே வைக்கப் பயமாக இருக்கிறது. தோஷம் இல்லை என்று தோன்றினால், இல்லையா அல்லது எனக்குத் தெரியவில்லையா? வைரத்தில் இருக்கும் கீற்றும் செவ்வாயில் இருக்கும் திட்டும் ஒரே கண்ணுக்குத்தான் தெரிய வேண்டும்.

அப்பா செய்ததை நான் செய்ய மாட்டேன். தீபாவளி வியாபாரம் முடிந்து இருபத்தோராம் தேதி வியாழக்கிழமை கடை திறந்ததும் முதலாளியிடம் நானே சொல்லிவிடப் போகிறேன். அதற்குள் உனக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் எழுது. உன் மதினிக்கு இன்னும் தெரியாது.

ராஜரத்தினம்


தூத்துக்குடி
14-10-1971
(தபாலில் சேர்க்கப்படாதது)

அண்ணாச்சி,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஜூலையில் வீடு மாற்றியபோது மாட்டுவண்டியிலிருந்து தொலைநோக்கி சரிந்து விழுந்தது. கண்ணாடி மூன்று துண்டாகிவிட்டது. நான்தான் சரியாகக் கட்டவில்லை. எட்டு மாதம் நீங்கள் தேய்த்தது. வேலை விட்டு வந்து, மாடியில் பீப்பாய் மேல் கண்ணாடியை வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி வந்து தேய்த்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். உடைந்துவிட்டது என்று எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. அந்த வாரம் ஒரு அட்டையை மட்டும் ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தேன். எந்த மணிக்குச் செவ்வாயின் எந்த முகம் இந்தப் பக்கம் இருக்கும் என்று அட்டவணையில் இருக்கிறது. நீங்கள் தந்த பழைய வரைபடத்தில் அந்த முகத்தைப் பார்த்து வரைந்து அனுப்பினேன். நீங்கள் பாராட்டி எழுதினீர்கள். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

கண்ணாடி உடைந்த பிறகு நான் செவ்வாயை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை அண்ணாச்சி. என் அட்டைகள் எல்லாம் பொய். உங்கள் கண்ணில் ஒன்றுமில்லை. நீங்கள் கண்டது என்ன என்று எனக்குத் தெரியாது, ஆனால் அது அங்கே இருந்திருக்கிறது. முதலாளியிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

பஞ்சாட்சரம்


தூத்துக்குடி
15-10-1971

அன்புள்ள அண்ணாச்சிக்கும் மதினிக்கும் தீபாவளி வாழ்த்துக்கள்.

இங்கு அனைவரும் நலம். தங்கள் கடிதம் கிடைத்தது. டாக்டர் சொன்னதே சரி என்பது என் அபிப்பிராயம். படித்த மனிதர், கருவி வைத்துப் பார்த்திருக்கிறார். என் படங்களைத் தாங்கள் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கை அப்படியொன்றும் நேர்த்தியானது அல்ல. முதலாளியிடம் பேசுவதில் அவசரம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெயபாரதிக்குப் பாவாடைத் துணி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

பஞ்சாட்சரம்


மந்தைவெளி
24-10-1971

அன்புத் தம்பிக்கு,

துணி வந்தது. ஜெயபாரதிக்கு அந்த நிறம் பிடித்திருக்கிறது.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். அண்ணன் மனது உடையக் கூடாது என்று உன் கையையே குறைத்து எழுதியிருக்கிறாய். நீ சின்ன வயதிலும் இப்படித்தான், என்னைத் தேற்றுவதற்காகப் பரீட்சையில் மார்க்கைக் குறைத்துச் சொல்வாய். அந்த வரியைப் படித்ததும் எனக்கு நிச்சயமாகிவிட்டது. வியாழக்கிழமை சொல்லிவிட்டேன்.

முதலாளி சண்முகசுந்தரம் பிள்ளை கல்லாவில் இருந்தார். கல் விற்க வந்த சேட்டு ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். “முதலாளி, இனிமேல் என் கண்ணை நம்பிக் கல் தட்டை வைக்காதீங்க” என்றேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். என் முன்னால் இருந்த சாமணத்தை எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினார். இருபத்திரண்டு வருஷம் நான் பிடித்த சாமணம். வாசலில் காவல்காரன் பொன்னுரங்கம், “இன்னா சார், இவ்ளோ சீக்கிரமா போய்க்கினு கீறீங்க, ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

உனக்குத் தெரியாதிருக்கலாம். கல் பிரிக்கிறவன் ஒரு முறைதான் சொல்வான். சரி என்றால் சரி, கழி என்றால் கழி. அவனே தன் கண்ணில் சந்தேகம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் தி.நகரில் எந்தக் கடையும் அவன் முன்னால் தட்டை வைக்காது. சாயங்காலத்துக்குள் பனகல் பார்க் வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லோரும் மரியாதையாகத்தான் விசாரிக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

உன் மதினி அழவில்லை, திட்டவில்லை, ரசம் வைத்துக்கொண்டே, “இனி என்ன செய்யறதா உத்தேசம்?” என்று கேட்டாள். எனக்கு வேறு எந்த வேலை தெரியும்? நேற்று சாந்தோம் கடற்கரையில் வெகுநேரம் நின்றேன். அப்படியே நடந்து உள்ளே போய்விட்டால் என்ன என்று தோன்றியது. ஜெயபாரதி முகம் வந்தது, திரும்பிவிட்டேன். பயப்படாதே, திரும்பிவிட்டேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

தொலைநோக்கியைச் சாக்குப் போட்டு மூடிவிட்டேன். நீ அட்டைகளை நிறுத்தாதே. நீயாவது பார்.

ராஜரத்தினம்


தூத்துக்குடி
19-11-1971

மரியாதைக்குரிய பெரியத்தான் அவர்களுக்குச் செண்பகம் வணக்கத்துடன் எழுதுவது.

அக்காவும் ஜெயபாரதியும் எப்படி இருக்கிறார்கள்? நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதமாக உங்கள் தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. எழுதுவார்கள், கிழிப்பார்கள். நேற்று முன்தினம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காக்காரன் அனுப்பிய விண்கலம் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதாம். படம் எடுத்தால் ஒன்றுமே தெரியவில்லையாம். செப்டம்பர் கடைசியிலிருந்து அங்கே பெரிய புழுதிப் புயலாம், கிரகம் முழுக்க மூடிக் கிடக்கிறதாம். அதைப் படித்ததும் இவர்கள் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்கள். என்னவென்று கேட்டேன். அழுதார்கள். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

கண்ணாடி உடைந்தது உங்களுக்குத் தெரியும் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆடி மாதமே கேட்டேன், “அண்ணாச்சிக்கு எழுதிட்டேம்ளா” என்றார்கள். போன மாதம் பதினாலாம் தேதி உங்களுக்கு எழுதிய இந்தக் கடிதம் மட்டும் டிராயரில் கிழிக்காமல் இருந்தது. இவர்களைக் கேட்காமல் இத்துடன் வைத்து அனுப்புகிறேன். பேப்பர் துண்டும் வைத்திருக்கிறேன். உங்கள் கண்ணில் குறை இல்லை பெரியத்தான். அது உங்களுக்கு இன்றைக்கே தெரிய வேண்டும்.

செண்பகம்


மந்தைவெளி
27-11-1971

தம்பி,

செண்பகம் அனுப்பியது போன திங்கட்கிழமை வந்தது. அவளுக்கு என் நன்றியைச் சொல்.

கண்ணாடி உடைந்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. கண்ணாடிதானே, இன்னொரு எட்டு மாதம் தேய்த்தால் இன்னொன்று வரும். வருத்தப்பட்டிருப்பேன், ஒரு வாரம் உன்னைத் திட்டியிருப்பேன், முடிந்திருக்கும். ஆனால் பதினாலாம் தேதி உண்மையை எழுதி வைத்துவிட்டு, பதினைந்தாம் தேதி வேறொரு கடிதத்தைத் தபாலில் போட்டாயே, அது எனக்குப் புரியவில்லை. இருபத்தோராம் தேதி காலை பத்து மணிவரை உனக்கு நேரம் இருந்தது. ஒரு தந்தி போதும். நான் கடலோரத்தில் நின்றேன் என்று எழுதிய பிறகும் நீ எழுதவில்லை.

பேப்பர் துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். டாக்டர் சீட்டையும் கொண்டுபோனேன். முதலாளி இரண்டையும் பொறுமையாகப் படித்தார். “அண்ணே, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கும். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா ஒரு மாசம் நீங்களே உங்க கண்ணை நம்பாம கல் பிரிச்சிருக்கீங்க. அந்தக் கல்லையெல்லாம் திரும்பப் பார்க்க நான் ஆள் வைக்க வேண்டியதாப் போச்சு. இப்ப நல்லா இருக்குன்னு சொல்றீங்க, நாளைக்கு வேற ஒண்ணு சொன்னா நான் எங்க போவேன்?” என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மயிலாப்பூரில் நம்மைப் போல வானம் பார்க்கிற நாலைந்து பேர் உண்டு. செப்டம்பர் கடைசி வாரத்துப் படங்கள் யாரிடமாவது இருந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அங்கே கேட்கிறார்கள் என்று ஒருவர் வீடு தேடி வந்தார். புயல் கிளம்பிய அதே நாளில், இருபத்திரண்டாம் தேதி நான் அதைக் கண்டேன். நோட்டைத் திறந்தால் அந்த இடத்தில் உன் முக்கோணம் இருக்கிறது, என் கையெழுத்துடன். உனக்கு அனுப்பிய அட்டை இருக்குமே என்றார். திருத்திய நோட்டும் திருத்தாத அட்டையும் வைத்திருக்கிறவன் சாட்சியை யார் ஏற்பார்கள்? என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இன்று சனிக்கிழமை. மழை விட்டு வானம் திறந்திருந்தது. சாக்கை எடுத்துவிட்டு எட்டரை மணிக்குப் பார்த்தேன். இப்போதுதான் கண்ணில் குறை இல்லை என்று தெரியுமே, தைரியமாகப் பார்த்தேன். வட்டத்தின் நடுவில் முக்கோணம் தெரிந்தது, தம்பி. கறுப்பாக, கூராக. புயல் இன்னும் அடங்கவில்லை என்று இன்றைய பேப்பரிலும் இருக்கிறது. அட்டவணையைப் பிரித்துப் பார்த்தேன், அந்த முகம் இன்று இந்தப் பக்கம் நடுவிலேயே இல்லை. மறுபடி கண்ணை வைத்தேன். மறுபடியும் தெரிந்தது. அது செவ்வாய் அல்ல, உன் படம்.

ஒரு மாதம் உன் அட்டைகளைப் பார்த்துப் பார்த்து அழித்து வரைந்ததில் அது என் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இனி எவராவது இரக்கப்பட்டு என் முன்னால் ஒரு கல்லை வைத்தாலும், நான் காண்பது கல்லில் இருக்கிறதா, என்னிடம் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. முதலாளி சொன்னது சரிதான்.

எனக்குத் தெரிவது சரியா என்று கேட்க இத்தனை வருஷமாக உன் ஒருவனைத்தான் வைத்திருந்தேன். இன்று ராத்திரியும் பழக்கத்தில் அட்டையை எடுத்து உன் விலாசத்தை எழுதிவிட்டேன். வட்டம் மட்டும் போட்டேன், உள்ளே என்ன வரைவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ராஜரத்தினம்